ஜே. கிருஷ்ணமூர்த்தி

ஜித்து கிருஷ்ணமூர்த்தி (மே 11, 1895 – பெப்ரவரி 17, 1986) இருபதாம் நூற்றாண்டின் குறிப்பிடத்தக்க சிந்தனையாளர்களுள் ஒருவர். பேச்சாளர், எழுத்தாளர், கல்வியாளர். ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். தம் பதினான்காம் வயதில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, வரப்போகும் உலக குரு இவரே என்ற நம்பிக்கையுடன் வளர்க்கப்பட்டவர். தமக்கெனவே உருவாக்கப்பட்ட உலகளாவிய சங்கத்தின் தலைவராகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தபின், 1929இல் அச்சங்கத்தைத் தாமே கலைத்தார். உண்மையை அடைய குருவோ, சமயமோ, அமைப்போ துணை செய்யாது என்பதே அதன்பின் இவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்தாகும்.

இக்கட்டுரை இவருடைய தத்துவத்தை விரித்துரைப்பதைவிட, இவர் ஓர் ஆன்மிக அமைப்பினுள் வளர்ந்து, அதில் பணியாற்றி, அதன்மேல் நம்பிக்கை இழந்து வெளியேறிய வரலாற்றுக்கே முதன்மை தருகிறது.

பிறப்பும் குடும்பமும்

கிருஷ்ணமூர்த்தி அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் (இன்றைய ஆந்திரப் பிரதேசம்) தெலுங்கு பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். நள்ளிரவு கடந்து பிறந்ததால் ஆங்கில முறைப்படி மே 12 என்றும் குறிப்பர். தந்தை ஜித்து நாராயணய்யா வருவாய்த் துறை அலுவலர். தாய் சஞ்சீவம்மா. எட்டாவது குழந்தையாதலால், தேவகியின் எட்டாம் மகனான கண்ணனின் பெயரே இவருக்கு இடப்பட்டது. இவருக்கு மூன்று ஆண்டு இளையவர் நித்யானந்தா. சிறு வயதில் மலேரியாக் காய்ச்சலால் கிருஷ்ணமூர்த்தி நெடுங்காலம் துன்புற்றார். படிப்பில் மந்தமானவர் என்றே ஆசிரியர்கள் கருதினர். 1905இல், இவருக்குப் பத்து வயதானபோது, தாய் இறந்தார்.

நாராயணய்யா 1882 முதலே பிரம்மஞான சபையின் உறுப்பினர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் சபையில் வேலை கேட்டு அன்னி பெசண்டுக்குப் பலமுறை எழுதினார். அதன் பயனாக, 1909 ஜனவரியில் நான்கு மகன்களுடன் அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தார். சபை வளாகத்துக்கு வெளியே, போதிய வசதியில்லாத பழைய வீடொன்றில் குடும்பம் தங்கியது. சிறுவர்கள் மயிலாப்பூரில் இருந்த பள்ளிக்கு நடந்து சென்று படித்தனர்.

பிரம்மஞான சபையும் உலக குரு எதிர்பார்ப்பும்

பிரம்மஞான சபை 1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையார், கர்னல் ஆல்காட் முதலியோரால் தோற்றுவிக்கப்பட்டது. 1882இல் அடையாறு ஆற்றின் கழிமுகத்தில் வாங்கப்பட்ட தோட்டம் அதன் தலைமையகமாயிற்று. எல்லாச் சமயங்களின் ஒப்பாய்வு, மனித சகோதரத்துவம் ஆகியவை சபையின் வெளிப்படையான நோக்கங்கள். கல்வி, சமூகச் சீர்திருத்தம் ஆகிய துறைகளில் அதன் பணிகள் குறிப்பிடத்தக்கவை. 1907இல் அன்னி பெசண்ட் அதன் தலைவரானார்.

சபைக்குள் உட்பிரிவு ஒன்றும் இயங்கியது. அதில் சேர்வோர் இரகசிய உறுதிமொழி ஏற்க வேண்டும். இமயமலைப் பகுதியில் வாழும் மகாத்மாக்கள் உலகை வழிநடத்துகின்றனர் என்பதும், தகுதியுள்ள சீடர்கள் படிப்படியாகத் தீட்சைகள் பெற்று உயர்வர் என்பதும் அப்பிரிவினரின் நம்பிக்கை. யார் எந்தப் படியை அடைந்துள்ளார் என்பதை மறைபொருள் பார்வை வாய்த்தவர்களாகக் கருதப்பட்ட சிலரே அறிவித்தனர். மற்றவர்கள் அதைச் சோதித்தறிய வழியில்லை. ஐயம் கொள்வதே ஆன்மிக வளர்ச்சிக்குத் தடை என்று கருதப்பட்டதால், அறிவிப்புகளை ஏற்பதும் அவற்றில் தம் பெயர் வருமா என்று காத்திருப்பதும் உறுப்பினர்களின் இயல்பாயிற்று.

மைத்ரேயர் என்னும் உலக குரு விரைவில் ஒரு மனித உடலின் வழியாகத் தோன்றுவார் என்று அன்னி பெசண்ட் 1908 முதல் சொற்பொழிவுகளில் கூறிவந்தார். அதற்குரிய உடலைக் கண்டறியும் பொறுப்பைச் சி. டபிள்யூ. லெட்பீட்டர் ஏற்றார். இங்கிலாந்துத் திருச்சபையில் முன்னர் குருவாக இருந்த இவர், சிறுவர்களுக்குப் பாலியல் தொடர்பாகத் தகாத அறிவுரை கூறினார் என்ற குற்றச்சாட்டால் 1906இல் சபையிலிருந்து விலகியவர். 1908 இறுதியில் மீண்டும் சேர்த்துக் கொள்ளப்பட்டவர்.

அடையாறு கடற்கரையில்

1909இல் அடையாறு கடற்கரையில் குளிக்கச் சென்ற லெட்பீட்டர், அங்கு விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடையே கிருஷ்ணமூர்த்தியைக் கண்டார். மெலிந்த உடலும் கவனமற்ற பார்வையும் கொண்ட அச்சிறுவனைச் சுற்றித் தன்னலம் சிறிதுமற்ற ஒளிவட்டம் இருப்பதாகவும், அவன் பின்னாளில் பெரும் ஆசானாவான் என்றும் உடனிருந்தோரிடம் கூறினார். இச்சிறுவனுக்குப் பாடம் சொல்ல முயன்றிருந்த எர்னஸ்ட் உட் போன்றோருக்கு இது வியப்பளித்தது. அதற்கு முன்பு அமெரிக்கச் சிறுவன் ஹூபர்ட் வான் ஹூக் அப்பதவிக்கு உரியவனாகக் கருதப்பட்டிருந்தான். அவன் தன் தாயுடன் அடையாறு வந்து சேர்ந்தபோது அவ்விடம் கிருஷ்ணமூர்த்திக்குச் சென்றுவிட்டிருந்தது.

வளர்ப்பு முறை

பள்ளியில் ஆசிரியர் அடித்ததைக் காரணமாகக் கொண்டு இரு சகோதரர்களும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டனர். சபையினரே அவர்களுக்குப் பாடம் கற்பித்தனர். விழிக்கும் நேரம், குளிக்கும் முறை, உணவு, உடற்பயிற்சி, சைக்கிள் ஓட்டம், நீச்சல், டென்னிஸ், படிப்பு என நாள் முழுவதும் வகுக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்திலேயே பேசவேண்டியிருந்ததால் கிருஷ்ணமூர்த்தி நாளடைவில் தாய்மொழியான தெலுங்கை மறந்தார். பழகுவோரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. இந்த ஏற்பாடு அவருக்கு உடல்நலத்தையும் அன்பான கவனிப்பையும் தந்தது என்பதும் உண்மையே. தாயை இழந்திருந்த சிறுவர்கள் அன்னி பெசண்டை அம்மா என்றே அழைத்தனர். அப்பிணைப்பு அவர் இறக்கும்வரை நீடித்தது.

கிருஷ்ணமூர்த்தி உறங்கும்போது அவருடைய நுண்ணுடல் குதும்பி என்ற மகாத்மாவிடம் சென்று பாடம் கேட்பதாக லெட்பீட்டர் கூறினார். காலையில் எழுந்ததும் நினைவில் உள்ளதை அவர் எழுதவேண்டும். அக்குறிப்புகளின் தொகுப்பு 1910இல் அல்சியோன் என்ற புனைபெயரில், குருவின் பாதங்களில் எனப் பொருள்படும் தலைப்புடன் நூலாக வெளிவந்து பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அதை எழுதியவர் யார் என்பது குறித்து அன்றே ஐயங்கள் எழுந்தன. 1910 ஜனவரியில் முதல் தீட்சை என்ற பெயரில், சிறுவர் இரண்டு இரவும் ஒரு பகலும் லெட்பீட்டருடன் அறையொன்றில் அடைபட்டிருந்தார். அதே ஆண்டு மார்ச்சில் நாராயணய்யா தம் இரு மகன்களின் காவலுரிமையை அன்னி பெசண்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

கிழக்கு நட்சத்திர சங்கம்

உலக குருவின் வருகைக்கு மக்களை ஆயத்தப்படுத்த 1911இல் கிழக்கு நட்சத்திர சங்கம் நிறுவப்பட்டது. காசியில் மத்திய இந்துக் கல்லூரியின் முதல்வராயிருந்த ஜார்ஜ் அருண்டேல் தொடங்கிய சிறு குழுவே இவ்வாறு விரிந்தது. பதினாறு வயதுகூட நிறையாத கிருஷ்ணமூர்த்தி அதன் தலைவர். அன்னி பெசண்டும் லெட்பீட்டரும் காப்பாளர்கள். சங்கத்தின் இதழுக்கும் கிருஷ்ணமூர்த்தியே ஆசிரியராக அறிவிக்கப்பட்டார். 1911 டிசம்பர் 28 அன்று காசியில் புதிய உறுப்பினர்களுக்கு அவர் சான்றிதழ் வழங்கியபோது, வந்தவர்கள் உணர்ச்சிப் பெருக்கில் அவர் காலில் விழுந்தனர். அந்நாள் சங்கத்தின் புனித நாளாகப் பின்னர் கொண்டாடப்பட்டது.

எதிர்ப்புகளும் எழுந்தன. காசியில் பகவான் தாஸ் இப்புதிய வழிபாட்டைக் கண்டித்தார். ஜெர்மன் பிரிவின் செயலாளர் ருடால்ஃப் ஸ்டைனர் இச்சங்கத்தை ஏற்க மறுத்துப் பிரிந்து, தனி இயக்கம் கண்டார். சென்னையில், பின்னாளில் நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரான டாக்டர் டி. எம். நாயர் தம் மருத்துவ இதழில் லெட்பீட்டரைக் கடுமையாகச் சாடினார். புதுச்சேரியிலிருந்த சுப்பிரமணிய பாரதியார் பொன்வால் நரி என்ற அங்கதக் கதையில் அன்னி பெசண்டை எள்ளி நகையாடினார்.

காவலுரிமை வழக்கு

மகன்கள் லெட்பீட்டருடன் பழகுவதை விரும்பாத நாராயணய்யா, 1912இல் அவர்களைத் திரும்ப ஒப்படைக்கக் கோரி வழக்குத் தொடர்ந்தார். அதற்குள் அன்னி பெசண்ட் சிறுவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றுவிட்டிருந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நாராயணய்யா சார்பில் சி. பி. இராமசாமி ஐயர் வாதிட்டார். அன்னி பெசண்ட் தமக்காகத் தாமே வாதிட்டார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். லெட்பீட்டர் மீதான முறைகேட்டுக் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், ஆயினும் அவர் சிறுவர்களின் பொறுப்பாளராக இருக்கத் தக்கவர் அல்லர் என்றும் கருதினார். மேல்முறையீட்டிலும் அன்னி பெசண்ட் தோற்றார்.

இலண்டன் பிரிவி கவுன்சில் 1914 மே மாதம் இத்தீர்ப்புகளை நீக்கியது. சிறுவர்கள் நீதிமன்ற எல்லைக்கு வெளியே இருந்ததும், அவர்களின் விருப்பம் கேட்கப்படாததும் காரணங்களாயின. தந்தை காவலுரிமையைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் அது திரும்பப் பெறத்தக்கதே என்று அத்தீர்ப்பு கூறிய கோட்பாடு, இந்தியக் குடும்பச் சட்ட நூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. சட்டக் கோட்பாட்டில் தந்தையின் உரிமை நிலைநாட்டப்பட்டது. மகன்களோ அவரிடம் திரும்பவில்லை.

இங்கிலாந்து ஆண்டுகள்

இங்கிலாந்தில் கிருஷ்ணமூர்த்தி தனிமையில் வாடினார். தீட்சை பெற்ற இருவர் எப்போதும் அவருடன் இருக்கவேண்டும் என்பது லெட்பீட்டரின் கட்டளை. கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்சின் மனைவி எமிலி லட்யன்ஸ் அவரிடம் தாய்போல் அன்பு காட்டினார். அந்த அன்பு மிகுந்தபோது, அது கடமைக்கு இடையூறு என்று சபையினர் கண்டித்தனர். மேரி டாட்ஜ் என்ற அமெரிக்கச் செல்வச் சீமாட்டி 1913இல் ஆண்டுக்கு 500 பவுண்டு வாழ்நாள் உதவித்தொகை ஏற்படுத்தினார். உலக குரு என்ற விளம்பரமும் வழக்கின் பரபரப்பும் காரணமாக ஆக்ஸ்போர்டு அவருக்கு இடம் தரவில்லை. இலண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் பலமுறை தோற்றார். நித்யானந்தா சட்டம் பயின்று தேறினார்.

தாம் உண்மையில் யார், தம்மிடம் எதிர்பார்ப்பது நிகழுமா என்ற கேள்விகள் இக்காலத்திலேயே அவரைத் தொல்லைப்படுத்தின. எமிலி லட்யன்சுக்கு எழுதிய கடிதங்களில் சலிப்பும் கேலியும் கலந்திருந்தன. ஆயினும் சங்கத் தலைவராகக் கடமைகளை ஆற்றிவந்தார். 1921 இறுதியில் இந்தியா திரும்பியதும் பொதுக்கூட்டங்களில் பேசத் தொடங்கினார்.

ஐயத்தின் தொடக்கம்

1922 ஏப்ரலில் சகோதரர்கள் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குச் சென்றனர். அங்கு லெட்பீட்டர் தாராளக் கத்தோலிக்கத் திருச்சபை என்ற புதிய அமைப்பின் ஆயராக ஆடம்பரச் சடங்குகளை நடத்திவந்தார். அச்சடங்குகள் கிருஷ்ணமூர்த்திக்குப் பிடிக்கவில்லை. லெட்பீட்டர் மீது மீண்டும் குற்றச்சாட்டுகள் எழுந்து சபை பிளவுபட்டிருந்த நேரம் அது. கிருஷ்ணமூர்த்தி பொதுக்கூட்டத்தில் அவருக்காகவே பேசினார். உள்ளத்தில் விலகலும் வெளியில் விசுவாசமுமாக அவர் வாழ்ந்த நிலைக்கு இது தக்க சான்று.

நித்யானந்தாவுக்குக் காசநோய் கண்டிருந்தது. அவருக்கு ஏற்ற தட்பவெப்பம் நாடி, சிட்னியிலிருந்து இருவரும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஓஹாய்ப் பள்ளத்தாக்குக்குச் சென்றனர். அங்கு 1922 ஆகஸ்ட் 17 முதல் சில நாள்கள் கிருஷ்ணமூர்த்தி கடும் வலியும் மயக்கமும் கொண்டு, இறுதியில் ஒரு மிளகு மரத்தடியில் பேரமைதியை உணர்ந்தார். இவ்வகை உடல் வேதனை பின்னரும் பல ஆண்டுகள் விட்டுவிட்டுத் தொடர்ந்தது. சபையினர் இதை மகாத்மாக்களின் செயல் என்றனர். பிறர் மருத்துவக் காரணங்களைத் தேடினர். இந்த அனுபவத்துக்குப்பின் அவருடைய நம்பிக்கை மறுபடி வலுப்பெற்றது என்பது கவனிக்கத்தக்கது.

1925 ஆகஸ்டில் ஹாலந்தின் ஹூய்சனில் அருண்டேலும், தாராளக் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர் வெட்ஜ்வுட்டும் சில நாள்களுக்குள் பலருக்கு உயர் தீட்சைகள் கிட்டியதாக அறிவித்தனர். இதை நம்பிய அன்னி பெசண்ட், உலக குருவின் பன்னிரு சீடர்களில் சிலரின் பெயர்களை ஓம்மன் முகாமில் வெளியிட்டார். பின்னாளில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவியின் பெயரும் அவற்றுள் இருந்தது. அப்போது நோயுற்ற தம்பியுடன் ஓஹாயில் இருந்த கிருஷ்ணமூர்த்தி இவ்வறிவிப்புகளை நம்பவில்லை. தம் பெயரால் நடப்பவை தம்மைக் கேட்காமலேயே நடப்பதைக் கண்டு வருந்தினார். ஆயினும் அன்னி பெசண்டை வெளிப்படையாக மறுக்க அவருக்கு மனமில்லை.

நித்யானந்தாவின் மறைவு

சபையின் பொன்விழா 1925 டிசம்பரில் அடையாற்றில் நடைபெற இருந்தது. தம்பியை ஓஹாயில் விட்டுச் செல்ல கிருஷ்ணமூர்த்தி தயங்கினார். நித்யானந்தா உலக குருவின் பணிக்கு இன்றியமையாதவர். எனவே மகாத்மாக்கள் அவரைக் காப்பர் என்பது சபையில் நிலவிய உறுதியான நம்பிக்கை. கிருஷ்ணமூர்த்தியும் அவ்வாறே நம்பினார். அந்த நம்பிக்கையுடன் நவம்பரில் அன்னி பெசண்டுடன் கப்பலேறினார்.

நவம்பர் 13 அன்று நித்யானந்தா ஓஹாயில் இறந்தார். கப்பல் சூயஸ் கால்வாயை அடைந்தபோது தந்தி வந்தது. அடுத்த சில நாள்கள் கிருஷ்ணமூர்த்தி இரவெல்லாம் தம்பியின் பெயரைச் சொல்லி அழுததை உடன் பயணம் செய்தவர்கள் பதிவு செய்துள்ளனர். சிறுவயது முதல் தமக்குப் புகட்டப்பட்ட ஏற்பாட்டின் அடித்தளம் அப்பயணத்தில் தகர்ந்தது. கொழும்பை அடைந்தபோது அவர் அமைதியாக இருந்தார்; ஆனால் மகாத்மாக்களின் வாக்குறுதிகளைப் பழைய முறையில் அவர் மீண்டும் ஏற்கவில்லை. விவாதங்களாலும் ஊழல் செய்திகளாலும் முற்றிலும் அசையாதிருந்த நம்பிக்கையை ஓர் உயிரின் இழப்பு அசைத்தது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

1925 முதல் 1929 வரை

நம்பிக்கை தகர்ந்ததும் கிருஷ்ணமூர்த்தி உடனே வெளியேறிவிடவில்லை. 1925 டிசம்பர் 28 அன்று அடையாறு ஆலமரத்தடியில் உலக குருவைப் பற்றிப் பேசுகையில், இடையே படர்க்கையிலிருந்து தன்மைக்கு மாறினார். குரு அவர் வாயிலாகப் பேசத் தொடங்கிவிட்டார் என்று அன்னி பெசண்ட் மகிழ்ந்தார். அதன்பின் சங்கம் மேலும் வளர்ந்தது. 1926ஐ ஒட்டி ஏறத்தாழ 40 நாடுகளில் 43,000 உறுப்பினர்கள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. ஹாலந்தில் பேரன் வான் பலாண்ட் தம் ஏர்டெ மாளிகையையும் ஏறத்தாழ 5,000 ஏக்கர் நிலத்தையும் வழங்கியிருந்தார். ஓம்மனில் ஆண்டுதோறும் முகாம்கள் நடந்தன. சிட்னியில் கடலை நோக்கிப் பெரிய திறந்தவெளி அரங்கம் ஒன்றும் எழுப்பப்பட்டிருந்தது. 1927இல் உலக குரு வந்துவிட்டார் என்று அன்னி பெசண்ட் உலகச் செய்தித்தாள்களுக்கு அறிவித்தார். அவ்வாண்டே அமைப்பு நட்சத்திர சங்கம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

இதே ஆண்டுகளில் கிருஷ்ணமூர்த்தியின் பேச்சு வேறு திசையில் சென்றது. மகாத்மாக்கள், தீட்சைகள், படிநிலைகள் ஆகியன தேவையற்றவை எனக் கூறத் தொடங்கினார். கேட்டவர்கள் குழம்பினர். அவருடைய சொற்கள் சபையின் பிற தலைவர்களின் சொற்களுடன் மோதியபோது யாரைப் பின்பற்றுவது என்று அவரிடமே கேட்டனர். எவரையும் பின்பற்ற வேண்டாம் என்ற விடையை, குருவின் கட்டளையாகவே பலர் ஏற்றனர். அமைப்பு இருக்கும்வரை எந்தச் சொல்லும் அதிகாரமாக மாறிவிடும் என்பதை இது அவருக்கு உணர்த்தியது.

சங்கத்தைக் கலைத்தல்

1929 ஆகஸ்ட் 3 அன்று ஓம்மன் முகாமில், அன்னி பெசண்டும் 3,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களும் கூடியிருக்க, கிருஷ்ணமூர்த்தி நட்சத்திர சங்கத்தைக் கலைப்பதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 34. உண்மைக்கு வகுத்த பாதை கிடையாது என்பதும், அதை ஓர் அமைப்பாக்கினால் அது உறைந்து மனிதரை முடமாக்கும் ஊன்றுகோலாகிவிடும் என்பதும் அவ்வுரையின் சாரம். தமக்குச் சீடர்கள் வேண்டாம் என்றும், மனிதரை நிபந்தனையின்றி விடுவிப்பதே தம் நோக்கம் என்றும் கூறினார். பதினெட்டு ஆண்டுகள் ஆயத்தம் செய்தும் உறுப்பினர்களிடம் ஏற்பட்ட உண்மையான மாற்றம் மிகக் குறைவு என்பதையும் சுட்டிக்காட்டினார்.

சங்கத்தின் பெயரில் வந்த சொத்துகள் திருப்பி அளிக்கப்பட்டன. ஏர்டெ மாளிகையும் அதன் நிலத்தின் பெரும்பகுதியும் பேரன் வான் பலாண்டிடம் திரும்பின. 1930இல் கிருஷ்ணமூர்த்தி பிரம்மஞான சபையிலிருந்தும் விலகினார். தாம் உலக குரு என்பதை அவர் திட்டவட்டமாக மறுக்கவுமில்லை, வலியுறுத்தவுமில்லை. அந்தப் பட்டம் பொருளற்றது என்பதே அவர் நிலைப்பாடு.

சபையின் எதிர்வினை

அன்னி பெசண்டுக்கு இது பேரதிர்ச்சியாயினும், தம் வளர்ப்பு மகன்மேல் கொண்ட அன்பும் நம்பிக்கையும் குறையவில்லை. அவர் 1933 செப்டம்பர் 20 அன்று அடையாற்றில் இறந்தார். எதிர்பார்த்த வருகை பிழைத்துவிட்டது என்று கருதிய லெட்பீட்டர் 1934இல் பெர்த் நகரில் இறந்தார். பின்னர் சபைத் தலைவரான அருண்டேலுக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் இணக்கமில்லை. கிருஷ்ணமூர்த்தி சபை வளாகத்துள் தங்குவது நின்றது. ஆற்றின் மறுபுறம் கிரீன்வேஸ் சாலையிலுள்ள வசந்த விகார் அவருடைய சென்னை இல்லமாயிற்று. 1920களின் இறுதியில் உச்சத்தில் இருந்த சபையின் உறுப்பினர் எண்ணிக்கை பின்னர் சரிந்தது.

சாதாரண உறுப்பினர்களின் நிலை கடினமானது. வேலையையும் சேமிப்பையும் விட்டு இப்பணிக்கு வந்தவர்கள் பலர். எமிலி லட்யன்ஸ் 1930இல் தாமும் சபையிலிருந்து விலகினார். தம் குழந்தைகளையும் கணவரையும் புறக்கணித்து இப்பணிக்கு அளித்த ஆண்டுகளைப் பற்றித் தம் தன்வரலாற்றில் வருத்தத்துடன் எழுதியுள்ளார். கிருஷ்ணமூர்த்திக்கு வெளியேறும்போது புகழும், நண்பர்களும், வாழ்நாள் உதவித்தொகையும் இருந்தன; அவரை நம்பி வந்த பலருக்கு அவை இல்லை.

விலகிய பிறர்

ஸ்டைனரைத் தவிர வேறு சிலரும் சபையிலிருந்து விலகினர். சென்னைத் தொழிலாளர் சங்கத்தை 1918இல் தோற்றுவித்த பி. பி. வாடியா, சபை தன் மூலக் கொள்கைகளிலிருந்து வழுவிவிட்டது என்று கூறி 1922இல் வெளியேறினார். ஆனால் அவர் பிளாவட்ஸ்கியின் போதனைகளைக் கைவிடவில்லை. வேறொரு பிரம்மஞான அமைப்பில் சேர்ந்தார். சபையின் பேச்சாளராயிருந்த யு. ஜி. கிருஷ்ணமூர்த்தி (1918–2007) 1950களில் அதைவிட்டு நீங்கி, பின்னர் ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் கடுமையாக மறுத்தார். இவர்கள் சபையைவிட்டு விலகினார்கள், ஜே. கிருஷ்ணமூர்த்தியோ தாமே தலைமை வகித்த அமைப்பைக் கலைத்தார் என்பது வேறுபாடு.

பிற்கால வாழ்க்கை

அதன்பின் ஐம்பத்தாறு ஆண்டுகள் கிருஷ்ணமூர்த்தி இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களில் உரையாற்றினார். சுவிட்சர்லாந்தின் சானனில் 1961 முதல் 1985 வரை ஆண்டுதோறும் கூட்டங்கள் நடந்தன. எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி, இயற்பியலாளர் டேவிட் போம் முதலியோர் அவருடன் உரையாடினர். மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலி, காசி ராஜ்காட், இங்கிலாந்தின் பிராக்வுட் பார்க், சென்னை ஆகிய இடங்களில் அவர் பெயரோடு தொடர்புடைய பள்ளிகள் இயங்குகின்றன. போட்டியும் அச்சமும் இல்லாத கல்வி அவற்றின் குறிக்கோள். தாம் பெற்ற அச்சுறுத்தும் பள்ளிக் கல்வியையும், ஒருவரை முன்கூட்டியே வகுத்த உருவில் வார்க்க முயன்ற வளர்ப்பையும் நினைத்தால் இக்குறிக்கோள் எளிதில் விளங்கும்.

விமர்சனங்கள்

அமைப்புகளை மறுத்தவர் பெயரிலேயே அறக்கட்டளைகள் தோன்றியதைப் பலர் முரண்பாடாகக் கண்டனர். அவை நூல்களையும் பள்ளிகளையும் காப்பதற்கே உரியவை. தம் போதனைக்கு விளக்கம் கூறும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்று அவர் கூறிவந்தார். நீண்டகால நண்பரும் நிதிப் பொறுப்பாளருமான இராஜகோபாலுடன் ஏற்பட்ட பிணக்கு நீதிமன்றம் வரை சென்று 1974இல் சமரசத்தில் முடிந்தது. இராஜகோபாலின் மகள் ராதா ஸ்லாஸ் 1991இல் வெளியிட்ட நூலில், தம் தாய்க்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் பல ஆண்டுகள் இரகசிய உறவு இருந்ததாக எழுதினார். வாழ்க்கை வரலாற்றாசிரியரும் எமிலியின் மகளுமான மேரி லட்யன்ஸ் அந்நூலுக்கு மறுப்பு எழுதினார். குருவே வேண்டாம் என்று கூறியவரைக் கேட்டவர்கள் பலர் குருவாகவே பாவித்தனர் என்ற விமர்சனமும் உண்டு. தம்மைக் கேட்டவர்கள் உண்மையில் மாறவில்லை என்ற ஏமாற்றத்தை அவரே முதுமையில் வெளிப்படுத்தினார்.

மீண்டும் அடையாறு

சபைத் தலைவரான ராதா பர்னியரின் அழைப்பின் பேரில், 1980 நவம்பரில் கிருஷ்ணமூர்த்தி ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் பிரம்மஞான சபை வளாகத்துள் நடந்து சென்றார். அதன்பின் சென்னை வரும்போதெல்லாம், தாம் சிறுவனாகக் கண்டெடுக்கப்பட்ட அதே அடையாறு கடற்கரையில் மாலை நடை செல்வது வழக்கமாயிற்று. அக்கால நிகழ்வுகளில் பெரும்பாலானவை தமக்கு நினைவில்லை என்றே அவர் கூறிவந்தார்.

1986 ஜனவரி 4 அன்று வசந்த விகாரில் தம் இறுதிப் பொது உரையை ஆற்றினார். பின்னர் ஓஹாய்க்குத் திரும்பி, கணையப் புற்றுநோயால் 1986 பெப்ரவரி 17 அன்று தம் 90ஆம் வயதில் காலமானார். தமக்கு வாரிசு எவரும் இல்லை என்பதைத் தெளிவாகக் கூறியிருந்தார். 1925இல் அவர் உரையாற்றிய அடையாறு ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் புயற்காற்றில் சாய்ந்தது. விழுதுகளால் மரம் தொடர்ந்து நிற்கிறது.